வேகன் இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது

பிஸ்மில்லாஹ்.

மருதமுனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகள் பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் மாப்பிள்ளையும் பிள்ளையும் அல்லாஹ்வின் காவலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டுப் பார்த்தேன், எல்லோரும் என்ற சொல் கண்ணில் குத்தியது, அந்தக் கடதாசியைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது இரண்டாவது கடதாசி. உன் உம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது, மிச்சம் இருப்பவர்கள் சுகம். உறையைப் பார்த்ததும் அடுத்தது யார் என்று நெஞ்சு பதறியிருப்பாய், ஒருவரும் இல்லை, ஆறுதலாக இருந்து வாசி. எழுத்து கோணலாக இருந்தாலும் வாப்பாவுடையதுதான். சவூதியில் றைவராக இருந்த காலத்தில் உன் உம்மாவுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதிய கை இது, அதற்குப் பிறகு கையெழுத்து வைப்பதைத் தவிர ஒன்றும் எழுதியதில்லை. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போன் இருக்கிறதே என்று கேட்பாய். போனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன், அதில் உன் கையெழுத்து மையினால் வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

முதலில் வீட்டுப் புதினம். மூத்தவள் ஸம்றா ராத்தா சுகம், அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள், சின்னவளுக்கு உன் குணம், கேட்டதற்குப் பதில் வராது, நினைத்ததைச் செய்து முடித்துவிட்டுத்தான் வந்து நிற்பாள். கோபிக்காதே, பகிடிக்குச் சொல்கிறேன், பாதி பகிடி. எனக்குச் சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிவிட்டது. நாற்பது வருடத்தில் ஒரு கோழியைக் கூட அடிக்காத நான் போன தை மாதம் பட்டப்பகலில் பள்ளிவாசல் மதிலில் வேகனை உரசினேன், மதில் அங்கேயேதான் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் பார்த்துவிட்டு இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று எழுதியே தந்துவிட்டார். அன்றிலிருந்து உன் மச்சான் இன்ஸாப்தான் வேகனில் ஆள் ஏற்றி ஓட்டம் ஓடுகிறார். நல்ல மனிதர், ஸம்றாவை ஒரு சொல் அதிர்ந்து சொல்ல மாட்டார், ஆனால் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் என் பல் கூசும், வேலியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

வேகனும் என்னைப் போலத்தான். கீழ்த் தகட்டைக் கடற்காற்று தின்றுவிட்டது, பின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. இப்படி இருக்கும்போதுதான் பிரதேச செயலகத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பழைய வாகனத்தை ஒப்படைத்தால், கரண்டில் ஓடும் புது வாகனம் எடுப்பதற்கு விலையில் ஒரு பெரிய பங்கை அரசாங்கம் விட்டுக்கொடுக்கிறதாம். தேத்தண்ணிக் கடையில் ஒருத்தன், காலிதீனுக்கு இல்லாத பென்சன் காலிதீன்ட வேகனுக்கு வந்திட்டு என்றான், கடை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். இன்ஸாப் சிரிக்கவில்லை, அறிவித்தலைப் படம் எடுத்துக்கொண்டு வந்து ஸம்றாவுக்குக் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற்றும் ஓட்டம் ஒன்று அவருக்குப் பேசி வைத்திருக்கிறது, இந்தக் கயிறு கட்டிய வேகனில் தங்கள் பிள்ளைகளை யார் ஏற்றிவிடுவார்கள், புது வாகனம் வந்தால்தான் அந்த ஓட்டம் அவருக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். ஸம்றாவின் அடுப்பு இனி அதில்தான் எரிய வேண்டும். ஒப்படைப்பதற்கு மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். வாகனம் தன் எஞ்சினில் ஓடி வர வேண்டும். கடைசி ஒரு வருடம் வரிப் பத்திரமும் காப்புறுதியும் விடுபடாமல் இருக்க வேண்டும். வாகனப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் கையெழுத்து வைக்க வேண்டும். முதல் இரண்டும் என் கையில் இருக்கிறது மகள், மூன்றாவது உன் கையில் இருக்கிறது.

உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. ஸம்றாவின் கலியாணத்துக்கு இந்த வீட்டை அவளுக்கு எழுதினேன், நம் ஊரில் பெண்பிள்ளைக்கு ஒன்றும் எழுதாத வாப்பா பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கக் கூசுவான். உனக்கு எழுத என்னிடம் வேறு வீடு இருக்கவில்லை, பின் வளவில் இடுப்பளவுக்கு எழும்பி நின்றுபோன சுவர்தான் இருந்தது, அதில் இப்போது ஸம்றா வெண்டி நட்டிருக்கிறாள். அதனால் உனக்குப் பதினெட்டு வயது ஆனதும் கந்தோருக்குப் போய் வேகனை உன் பெயருக்கு மாற்றினேன். வயல் எழுதுவார்கள், வளவு எழுதுவார்கள், தோணி கூட எழுதுவார்கள், ஹயர் ஓடுகிற வேகனை மகளுக்கு எழுதிய முதல் ஆள் நீதான் என்று ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. நீ அந்தப் புத்தகத்தை வாங்கி உன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அப்ப இனி வாப்பா என்னக் கேட்டுத்தான் வேகன எடுக்கணும் என்றாய். உன் உம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த சந்தோசத்தைப் போல பிறகு ஒரு நாளும் இருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

உன்னைக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு அந்த வேகனில்தான் கொண்டுபோய் விட்டேன். இங்கிலாந்தில் ஆறு மாதப் படிப்பு, முடித்துவிட்டு வந்து நிக்காஹ் என்று சொல்லித்தான் போனாய், உனக்குப் பேசி வைத்திருந்த சம்மாந்துறை மாப்பிள்ளை வீட்டாரும் ஆறு மாதம்தானே என்று ஒத்துக்கொண்டார்கள். காலையில் புறப்பட்டு அம்பாறை, மகியங்கனை தாண்டி அந்தப் பதினெட்டு வளைவு ஏறும்போது, வாப்பா கொஞ்சம் நிப்பாட்டுங்க என்றாய். நிறுத்தினேன். இறங்கி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாய், கண்ணெல்லாம் தண்ணீர், வாயைத் திறந்து திறந்து மூடினாய். உனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன் மகள். மலை ஏறினால் உனக்குச் சத்தி வரும் என்பது எனக்குத் தெரிந்த விசயம், அதனால் அந்தக் கடையில் இஞ்சி டொபி வாங்கித் தந்து, சப்பிக்கொண்டு கண்ணை மூடு என்றேன். நீ வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாய். எட்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தும் ஒரு சொல் சொல்லவில்லையே என்று உன்னில் ஒன்பது வருடம் கோபப்பட்டேன். நீ சொல்ல வந்தாய், நான் டொபி தந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், இந்தக் கலியாணம் வேண்டாம் என்று அன்று நீ சொல்லியிருந்தால் நான் வேகனைத் திருப்பியிருப்பேன், கையைப் பிடித்து ஏற்றிக் கொண்டு வந்திருப்பேன், அது உனக்கும் தெரிந்திருக்கிறது.

ஆறு மாதம் கழித்து நீ வரவில்லை, உன்னோடு வேலை செய்யும் கேரளாப் பொடியனைக் கலியாணம் முடிக்கப் போகிறாய் என்ற செய்திதான் வந்தது. சம்மாந்துறையில் இருந்து மூன்று வாகனத்தில் வந்து நம் முற்றத்தில் நின்றார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் நியாயமான கேள்வி. எனக்கு ஒரு மகள்தான், அது ஸம்றா என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது உன் உம்மா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள், தட்டை யாருக்கும் நீட்டாமல் அப்படியே திரும்பி உள்ளே போனாள். ஊர் முன்னால் விட்ட சொல்லை எப்படி எடுப்பது, அதற்குப் பிறகு வீட்டில் உன் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்றேன், சொல்லாமல் இருந்தார்கள்.

வேகனின் பெயரை மட்டும் மாற்றவில்லை. ஏன் இன்னும் அவட பெயர்ல வைச்சிருக்கீங்க என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். மாற்றுவதென்றால் அவளுடைய கையெழுத்து வேண்டும், அவளிடம் போய்க் கேட்க மாட்டேன் என்று சொல்லி வாயை அடைத்தேன். ஒவ்வொரு வருடமும் வரிப் பத்திரமும் காப்புறுதியும் உன் பெயரில்தான் எடுத்தேன். றோட்டில் பொலிஸ் நிறுத்தும் போது காப்புறுதி அட்டையைப் பார்ப்பார்கள், பெண் பெயர் இருக்கும், யார் இது என்று சிங்களத்தில் கேட்பார்கள். என்னுடைய சிங்களம் உனக்குத் தெரியும்தானே, மகே துவ என்பேன், என் மகள் என்று. காரைதீவுச் சந்தியில், அக்கரைப்பற்று றோட்டில், அம்பாறைக்குள் போகும்போது, வாரத்தில் ஒரு தரமாவது சொல்லியிருப்பேன். வீட்டில் உன் பெயருக்குத் தடை போட்ட ஆள், றோட்டில் காக்கிச் சட்டை போட்ட எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சில நாள் அவர்கள் ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னால், நானாகவே அட்டையை எடுத்து நீட்டினேன். ஒரு வயதான சார்ஜன், துவ இப்போது எங்கே என்று கேட்டார். எங்கலந்தே என்றேன். பெரிய ஆள்தான் நீ என்று தோளில் தட்டிவிட்டுப் போகவிட்டார்.

உன் உம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பகல் சோறு தின்றுவிட்டு அஸர் வரைக்கும் நான் தூங்குவது உனக்குத் தெரியும். நான் படுத்துக் கொஞ்ச நேரத்தில் வேகனின் பின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும். அந்தக் கதவின் சத்தம் எனக்குத் தெரியாதா, எந்தப் பூட்டு எப்படிச் சத்தம் போடும் என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன். உன் உம்மா உள்ளே ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போனில் உன்னோடு கதைப்பாள். நடுப்பகல் வெயிலில், தகடு கொதிக்கும் வேகனுக்குள், ஒரு மணித்தியாலம். இறங்கி வரும்போது முந்தானை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் வியர்வை, கேட்காமலே தஸ்பீஹ் மணியைத் தேடிட்டு வாறன் என்பாள். எத்தனை வருடம் தேடினாள் அந்தத் தஸ்பீஹை. கேற்றடியில் நின்ற வேகனை, முதல் தரம் அந்தச் சத்தம் கேட்ட அடுத்த வாரமே பலாமரத்து நிழலுக்குத் தள்ளி நிறுத்தினேன், கேற்றடியில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள் என்று காரணம் சொன்னேன். அஸர் பாங்கு சொன்ன பிறகும் சில நாள் புரண்டு படுத்தேன், அவளுக்கு இன்னும் ஐந்து நிமிசம் கிடைக்கட்டும் என்று. வாப்பா தூங்குகிறார் என்று அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். நான் தூங்கவில்லை மகள். ஒரு நாளாவது எழும்பிப் போய் அந்தக் கதவைத் திறந்து, இஞ்ச தா போன என்று கேட்டிருக்கலாம், இருபது அடி தூரம்தான். அந்த இருபது அடியை நடக்காமல் ஏழெட்டு வருடம் பாயில் கிடந்தேன்.

உன் உம்மா போன நாளுக்கு வருகிறேன், இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்தில் வேறு என்ன எழுதியும் பிரயோசனம் இல்லை. சுபஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வேகனை நான்தான் ஓட்டினேன், பின் ஆசனத்தில் ஸம்றாவின் மடியில் தலை. போகும் வழியில் என் ஆசனத்தின் முதுகில் அவள் கை பட்டு அழுந்துவதை உணர்ந்தேன், விரல்கள் எதையோ துழாவின. வேகத்தில் பயந்து பிடிக்கிறாள் என்று நினைத்து, நல்லாப் பிடிச்சுக்க சல்மா, வந்திட்டம் என்றேன். பகலோடு எல்லாம் முடிந்தது. ஜனாஸாவை வீட்டுக்குக் கொண்டு வந்து, நான் வாசலில் நின்று வருகிறவர்களிடம் எல்லாம், சல்மாவப் பொருந்திக்கங்க, ஏதும் பிழை செஞ்சிருந்தா பொருந்திக்கங்க என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் ஒருவரிடம் மிச்சம் வைக்கவில்லை, பால் கொண்டு வரும் செல்லத்தங்கத்திடம் கூடக் கேட்டேன், அவள் அழுதுவிட்டாள். அப்போதுதான் உள்ளே ஸம்றா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன், அதற்குள் உன் முகம், உம்மாவின் முகத்தைக் காட்டு ராத்தா என்று நீ கேட்கிறாய். நான் போய்ப் போனைப் பறித்து நிறுத்திவிட்டேன். ஸம்றா என் காலைப் பிடித்துத் தாங்க வாப்பா என்று கேட்டாள், கொடுக்கவில்லை. கோபத்தில் செய்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். கோபம் இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நான் உடைந்து விழுவேன், ஊர் பார்க்கும், விட்ட சொல் பொய் என்று தெரிந்துவிடும் என்ற பயம். ஊர் முழுக்கப் பொருத்தம் கேட்டவன், அவளுடைய பிள்ளைக்கு அவளுடைய முகத்தைக் காட்டவில்லை. அந்த நாளை என்னால் திருப்ப முடியாது. திருப்ப முடியாததை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

இனிப் படிவத்தின் கதை. பிரதேச செயலகத்தில் றுஸ்னா என்று ஒரு பிள்ளை இந்த வேலையைப் பார்க்கிறாள், உன் வயது இருக்கும். புத்தகத்தைப் பிரித்துவிட்டு, பஸ்மினா யாரு, அவவ வரச் சொல்லுங்க என்றாள். என்ட மகள் என்றேன். தமிழில் அதைச் சொன்னது ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான், பக்கத்தில் நின்ற இன்ஸாப் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளிநாட்டில் என்றால் படிவத்தை அனுப்பிக் கையெழுத்து வாங்கலாம் என்றாள். அதுவும் முடியாதென்றால், உரிமையாளரோடு தொடர்பு இல்லை, இருக்கும் இடம் தெரியாது என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டு வந்தால் போதும் என்றாள். இன்ஸாப்புக்கு அதுதான் சுகமாகத் தெரிந்தது, அவரில் பிழை இல்லை, நான் உனக்கு எழுத மாட்டேன் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். நானும் சரி என்றேன். அடுத்த நாள் காலையில் சமாதான நீதவான் சீனிமுகம்மதின் வீட்டுக்குப் புறப்பட்டோம். முன் ஆசனத்தில் இன்ஸாப் கழற்றிய பட்டரி ஒன்றை வைத்திருந்தார், அதனால் நான் பின்னுக்கு ஏறினேன். முப்பது வருடம் அந்த வேகனை ஓட்டியிருக்கிறேன், பின் ஆசனத்தில் இருந்தது அன்றைக்குத்தான். றைவரின் ஆசனத்துக்கு முதுகுப் பக்கம் ஒரு பை தைத்திருக்கிறதே, அது புடைத்துக்கொண்டிருந்தது. கையை விட்டேன். ஒரு தஸ்பீஹ், ஒரு கைக்குட்டை, பொலித்தீனில் சுற்றி மடித்த ஒரு கடதாசி. கண்ணாடி போடாமல் வாசிக்க முடியாது, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சீனிமுகம்மது கடதாசியைத் தட்டச்சில் அடித்து வைத்திருந்தார், சத்தமாக வாசித்தார். மேற்படி பஸ்மினா என்பவர் ஒன்பது வருடங்களாக எவ்விதத் தொடர்பும் இன்றி, இருக்கும் இடம் அறியப்படாதவராக உள்ளார் என்று. கையெழுத்து வைப்பதற்காகக் கண்ணாடியை எடுத்தேன், அதோடு அந்தப் பொலித்தீனும் மேசையில் விழுந்தது. பிரித்தேன். உன் உம்மாவின் எழுத்து, அவளுடைய அந்த உருண்டை எழுத்து. உன் பெயர், வீட்டு இலக்கம், தெரு, லெஸ்டர் என்று தமிழில் எழுதி அதன் கீழே இங்கிலிசில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியிருக்கிறாள். போன் இலக்கம். உனக்கு இரவு வேலை உள்ள நாட்கள். கடைசி வரியில் அப்னா, பிறந்தது பங்குனி ஒன்பது, வாப்பாட மூக்கு என்று எழுதியிருக்கிறாள், வாப்பா என்று அவள் எழுதுவது என்னைத்தான். பிள்ளை பிறந்தது எனக்குக் காதில் விழுந்திருந்தது, பெயரைக் கேட்க எனக்கு வாய் இருக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். சீனிமுகம்மது பேனையை நீட்டிக்கொண்டு, இருக்கிற இடம் தெரியாதெண்டு எழுதியிருக்கன், சரிதானே காலிதீன் என்றார். தெரியும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, திரும்பவும் கேட்டார். எனக்குத் தெரியும், வீட்டு இலக்கத்தோடு தெரியும் என்றேன். பிறகு அவருடைய கதிரையிலேயே இருந்து அழுதேன், கறுத்த மனிதன், தாடி நரைத்த மனிதன், பிள்ளையைப் போல அழுதேன். இன்ஸாப் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். நீங்க மகளுக்கே எழுதுங்க மாமா, ஓட்டம் போனாப் போகட்டும் என்றார். உன் ராத்தாவுக்கு நான் தேடிக் கொடுத்த மனிதர் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கை நினைவுக்கு வந்தது. உன் உம்மா அன்றைக்கு வேகத்துக்குப் பயந்து என் ஆசனத்தைப் பிடிக்கவில்லை மகள். அந்தப் பையைத்தான் துழாவினாள். உன் விலாசத்தை என்னிடம் எடுத்துத் தரப் பார்த்தாளோ, கடைசியாக உன்னோடு கதைக்க இலக்கத்தைத் தேடினாளோ, எனக்குத் தெரியாது, இனி யாரிடம் கேட்பது. என் முதுகுக்குப் பின்னாலேயே அது இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது. நான் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படிவம் நான்கு பக்கம், பென்சிலால் புள்ளடி போட்ட மூன்று இடத்தில் உன் கையெழுத்து. லண்டனில் நம் நாட்டுத் தூதுவர் கந்தோர் இருக்கிறதாம், அங்கே ஒருவர் முன்னால் வைத்து முத்திரை குத்தி வாங்க வேண்டும். அடுத்த மாதம் முப்பதாம் திகதிக்கு முன் இங்கே கிடைக்க வேண்டும். சலுகை உரிமையாளர் பெயரில்தான் வரும், அதனால் புது வாகனமும் உன் பெயரில்தான் பதிவாகும், இன்ஸாப் ஒத்துக்கொண்டார், இனிச் சந்தியில் பிடித்தால் மகே நங்கி, என் தங்கச்சி என்று அவர் சொல்லட்டும். ஒப்படைக்கும் நாளில் எஞ்சினுக்குள் எதையோ ஊற்றி, அது இறுகி நிற்கும் வரைக்கும் ஓடவிடுவார்களாம், திரும்ப யாரும் ஓடக் கூடாது என்பதற்காக. நம் பக்கத்து ஆள் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது சட்டம். நான் நிற்பேன். உனக்கு விருப்பம் இல்லை என்றால் கையெழுத்து வைக்காதே, ஸம்றாவுக்கு வேறு வழியை அல்லாஹ் காட்டுவான், அவளும் அப்படித்தான் சொல்லச் சொன்னாள். அன்றைக்கு நீ, வாப்பா என்னைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னாயே. நான் ஒரு நாளும் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்கிறேன்.

நான் உனக்குச் செய்ததை நீ பொருந்திக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கிறேன். உடனே முடியாவிட்டால் இருக்கட்டும், நான் உயிரோடு இருக்கும்போது முடிந்தால் போதும். உன் மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல், அவருடைய பெயர் கூட எனக்குத் தெரியாது, எழுதி அனுப்பு. அப்னாவைக் குளிரில் வெளியே கொண்டு திரியாதே, காதை மூடிவிடு. இரவு வேலை முடித்து வரும்போது பசியோடு படுக்காதே, உன் உம்மா இருந்தால் அதைத்தான் முதலில் சொல்வாள். அல்லாஹ் உன் கையில் பரக்கத்தையும் உடம்பில் ஆரோக்கியத்தையும் தரட்டும், உன் பிள்ளை உன்னை ஒரு நாளும் விட்டுப் போகாமல் இருக்கட்டும், போனாலும் நீ என்னைப் போல இல்லாமல் இருப்பாய். போனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இலக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. பகல் சோற்றுக்குப் பிறகு இப்போது நான் தூங்குவதில்லை, பலாமரத்தடியில் வேகனின் பின் ஆசனத்தில், உம்மா இருந்த பக்கத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு இருக்கிறேன். உம்மாவின் போனில் இலக்கத்தை அடிக்கிறேன், கடைசி எண்ணை அடிக்காமல் விடுகிறேன், நீ எடுத்தால் என்ன சொல்வது, எடுக்காவிட்டால் என்ன செய்வது. அடுத்த மாதம் வேகன் போகும் வரைக்கும் அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பேன், இதை மறந்துவிடாதே.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், வாகனத்தை இப்போது வைத்திருப்பவர் உரிமையாளருக்கு என்ன உறவு என்று ஒரு கோடு இருக்கிறது. மற்றக் கோடுகளை எல்லாம் றுஸ்னா நிரப்பிவிட்டு அதை மட்டும் என்னிடம் விட்டாள். நான் எழுதியிருக்கிறேன். கையெழுத்து வைப்பதற்கு முன் அதைப் பார். பிழை என்று தோன்றினால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு வை, படிவம் செல்லும், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்தக் கோட்டில் எழுதியபடி,
உன் வாப்பா
காலிதீன்